விபத்து இழப்பீட்டு மனு: கெடு முடிய ஒரு மாதம் இருந்தபோது

தம்பிக்குக் கோவையில் ஒரு சிறிய பட்டறையில் பவர் பிரஸ் (உலோகத் தகட்டை அழுத்தி வெட்டும் இயந்திரம்) வேலை. 2021 மார்ச்சில் இடது கையில் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் போயின. ஆஸ்பத்திரிச் செலவை முதலாளி ஏற்றார், அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் "கை ஆறட்டும், பேசிக்கொள்ளலாம்" என்றே ஒன்றரை வருடத்துக்கு மேல் ஓட்டிவிட்டார். அப்போதிருந்த ஊழியர் இழப்பீட்டுச் சட்டப்படி (2025 நவம்பரில் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு அதன் இடத்துக்கு வந்துவிட்டது) விபத்து நடந்து இரண்டு ஆண்டுகளுக்குள் மனுப் போட வேண்டியிருந்தது. அந்தக் கணக்கு எங்களைவிட அவருக்கு நன்றாகத் தெரிந்திருந்தது என்றுதான் இன்றும் நினைக்கிறேன்.

2023 பிப்ரவரியில் தொழிலாளர் அலுவலகத்துக்குப் போனோம். அங்கிருந்த எழுத்தர் மனுவைத் தொடக்கூட இல்லை. "ஊனச் சான்றிதழ் எங்கே? அது வந்த நாளிலிருந்துதான் இரண்டு வருடக் கணக்கு, அவசரப்படாதீர்கள்" என்றார். சுத்தப் பொய். அதை நம்பி மருத்துவக் குழு கூடும்வரை காத்திருந்தால் கெடு தாண்டியிருக்கும். தொழிற்சங்கத் தோழர் ஒருவர்தான் வழி சொன்னார்: மனுவை முதலில் போடுங்கள், சான்றிதழை விசாரணையில் தாக்கல் செய்யலாம், வாங்க மறுத்தால் ஒப்புகை அட்டையுடன் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். மறுநாள் அதே அலுவலகத்தின் தபால் பிரிவில் நேரே கொடுத்தோம். நகலில் தேதி முத்திரை விழுந்த பிறகுதான் மூச்சு வந்தது. தக்க காரணம் இருந்தால் தாமதத்தை மன்னிக்க, மனுவை விசாரிக்கும் ஆணையருக்கு அதிகாரம் உண்டு. அதை நம்பி உட்கார்ந்துவிடாதீர்கள், எதிர்த்தரப்பு வக்கீலுக்கு நாமே பிடி கொடுத்த மாதிரி ஆகிவிடும்.

அடுத்து, தம்பிக்கு இ.எஸ்.ஐ. (தொழிலாளர்களுக்கான அரசுக் காப்பீடு) உண்டா என்று கேட்டார்கள். அதில் காப்பீடு செய்யப்பட்டவர் இந்தச் சட்டத்தில் இழப்பீடு கேட்க முடியாது. அது நியாயமான கேள்வி. பத்துப் பேர்கூட இல்லாத பட்டறை, தம்பிக்கு எண்ணே கிடையாது. இல்லை என்பதற்குக் கடிதம் வாங்கி வரச் சொன்னார்கள். இ.எஸ்.ஐ. கிளை அலுவலகத்தில், "எண் இல்லாதவருக்கு எந்த எண்ணைப் போட்டுக் கடிதம் தருவது?" என்று திருப்பிக் கேட்டார்கள். அந்த நாள் வீண். கடைசியில் தம்பியின் பிரமாண வாக்குமூலமே போதுமானதாக இருந்தது.

உண்மையான அடி விசாரணையில் விழுந்தது. ஆஸ்பத்திரிக் குறிப்பில் "வீட்டுக் கதவிடுக்கில் நசுங்கியது" என்று இருந்தது. தம்பி வலியில் துடித்துக்கொண்டிருந்தபோது கூட வந்த சூப்பர்வைசர் சொன்ன கதை அது. சேர்க்கும்போது என்ன எழுதுகிறார்கள் என்று அங்கேயே நின்று பாருங்கள். எங்களைக் காப்பாற்றியது ஜிபே. அன்று மாலையே ஆஸ்பத்திரி முன்பணத்தை முதலாளி தன் போனிலிருந்து கட்டியிருந்தார். வீட்டில் நசுங்கிய விரலுக்கு அவர் ஏன் கட்டினார் என்று ஆணையர் கேட்டார். முதலாளியின் வக்கீல் காகிதங்களைப் புரட்டிக்கொண்டே இருந்தார். விபத்து பற்றி முதலாளிக்கு முறைப்படி நோட்டீஸ் தரவில்லை என்ற ஆட்சேபமும் அதோடு போயிற்று. விபத்து முதலாளிக்கு வேறு வழியில் தெரிந்திருந்தால் நோட்டீஸ் இல்லாதது தடையாகாது.

ஊன அடையாள அட்டையில் இருக்கும் சதவீதத்தை வைத்துக் கணக்குப் போட்டால் ஒத்துக்கொள்ளாதீர்கள். சட்டத்தின் முதல் அட்டவணையில் ஒரு கையின் இரண்டு விரல்கள் போனால் 20 சதவீதம் என்று அச்சிலேயே இருந்தது. மாதச் சம்பளம் எவ்வளவு இருந்தாலும் கணக்குக்கு 15,000 ரூபாய்தான் அப்போது உச்சவரம்பு. அதில் 60 சதவீதம் 9,000. தம்பிக்கு அப்போது 30 வயது, அந்த வயதுக்குச் சட்டம் தந்த பெருக்கும் எண் (காரணி) 207.98. பெருக்கி 20 சதவீதம் எடுத்தால் 3,74,364 ரூபாய். உரிய நேரத்தில் தராததற்கு 12 சதவீத வட்டி தனி.

இதற்கிடையே "முழுத் தொகையும் பெற்றுக்கொண்டேன்" என்று எழுதிய ஒரு தாளை முதலாளி தரப்பு நீட்டியது. தம்பியின் கையெழுத்துதான். சட்ட உரிமையை விட்டுக்கொடுப்பதாக எழுதி வாங்கும் ஒப்பந்தம் செல்லாது என்று அந்தச் சட்டத்தின் 17ஆம் பிரிவு சொன்னது, ஆணையரும் அப்படியே சொன்னார்.

மேல்முறையீட்டுக்கு 60 நாள் அவகாசம் உண்டு, ஆனால் முதலாளி போவதானால் தொகையை முன்னதாகக் கட்டியாக வேண்டும். அவர் கட்டினார், மேலே போகவில்லை. பணத்தை எடுக்கப் போனபோது பாஸ்புக்கில் இன்ஷியல் இல்லை என்று அதே எழுத்தர் திருப்பி அனுப்பினார்.