நீர்க்கடுப்பும் டீ கலரும்

போன வாரம் ரெண்டு நாளா நீர்க்கடுப்பு, சொட்டு சொட்டா எரியுது, மெடிக்கல் ஷாப்ல சொன்னதும் சீட்டு கூட கேக்காம நார்ஃப்ளாக்சசின்னு ஒரு ஆன்டிபயாடிக் மாத்திரையும் சிட்ரேட் சிரப்பும் எடுத்து நீட்டிட்டாரு. மாத்திரைய போடல, சிரப்ப மட்டும் குடிச்சுட்டு டாக்டரம்மாட்ட போனேன். முதல்ல யூரின் கல்ச்சருக்கு (என்ன கிருமின்னு பாக்குற டெஸ்ட்) குடுத்துட்டு வான்னாங்க, அப்புறம் நைட்ரோஃபுரான்டாயின்னு வேற ஆன்டிபயாடிக் 100 மி.கி., காலைல ஒண்ணு நைட்டு ஒண்ணு, 5 நாள், சாப்பாட்டோடதான் போடணும். (ஒரு நாள் வெறும் காபியோட போட்டேன், குமட்டுன குமட்டல் இருக்கே!) சிரப்ப நிறுத்தச் சொல்லிட்டாங்க, அது யூரின்ல அமிலத்தக் குறைச்சிடும், அமிலம் இருந்தாதான் இந்த மாத்திரை நல்லா வேலை செய்யுமாம். யூரின் டீ கலர்ல போச்சா, பயந்துட்டேன், மருந்தோட கலர்தானாம். மூணாம் நாள் ராத்திரியே எரிச்சல் காணோம், இருந்தாலும் மிச்ச நாலையும் முழுங்கினேன். அக்காவுக்கு இதே நீர்க்கடுப்புக்கு ஃபாஸ்ஃபோமைசின்னு ஒரு ஆன்டிபயாடிக் பொடி 3 கிராம், தண்ணில கரைச்சு ஒரே தடவ, அவ்ளோதான், கொடுத்து வச்சவ.