எண்பது வயதுக்கான நாடு

வெளிநாட்டில் வேலைக்காலத்தைக் கழித்துவிட்டு ஓய்வை நெருங்குகிறவர்கள் சந்தித்துக்கொண்டால், பேச்சு எப்படியும் ஒரு கட்டத்தில் "இனி எங்கே இருக்கப்போகிறீர்கள்?" என்பதில் வந்து நிற்கிறது. இருக்கும் நாட்டிலேயே தொடர்வதா, பிறந்த நாட்டுக்குத் திரும்புவதா, செலவு குறைந்த மூன்றாவது நாடொன்றைத் தேடுவதா என்று வாதங்கள் நீளும். தட்பவெப்பம், வாடகை, வரி, பிள்ளைகள் வசிக்கும் ஊருக்கான தூரம் எல்லாம் அலசப்படும். இவை அனைத்தும் தானே நடந்து, தானே கையெழுத்திட்டு, தானே மருந்து எடுத்துக்கொள்ளும் அறுபத்தைந்து வயதுக்காரரின் கேள்விகள். குளிப்பதற்கே இன்னொருவரின் துணை வேண்டியிருக்கும் எண்பத்தைந்து வயதுக்காரரின் கேள்விகள் வேறு. பராமரிப்பை யார் தருவார், அதற்கு யார் பணம் கட்டுவார், நினைவு தடுமாறினால் என் பெயரில் யார் முடிவெடுப்பார் என்பவை அவை. நானும் ஓய்வின் வாசலில் நிற்பவன் என்பதால் சில காலமாகப் பல நாடுகளின் விதிகளை வாசித்து வருகிறேன். எண்பத்தைந்தின் கேள்விகளுக்கு முதலில் விடை தேடிவிட்டு, அதற்கேற்ப அறுபத்தைந்துக்கான ஊரைத் தேர்வதே சரியான வரிசை என்று எனக்குப் படுகிறது. பெரும்பாலோர் இதைத் தலைகீழாகவே செய்கிறார்கள்.

ஓய்வூதியத்திலிருந்து தொடங்கலாம். உழைத்துச் சேர்த்த உரிமை நாம் போகும் இடமெல்லாம் முழுதாக நம்முடன் வரும் என்ற நம்பிக்கை பாதிதான் உண்மை. பிரிட்டனின் அரசு ஓய்வூதியத்தை வேறு நாட்டிலிருந்தும் பெறலாம். ஆனால் ஆண்டுதோறும் அறிவிக்கப்படும் உயர்வு எல்லா நாடுகளிலும் வசிப்பவர்களுக்குக் கிடைப்பதில்லை. ஐரோப்பிய ஒன்றிய நாடுகளிலோ அமெரிக்காவிலோ வசிப்பவருக்கு உயர்வு உண்டு. கனடா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, இந்தியா, தென்னாப்பிரிக்கா ஆகிய நாடுகளில் வசிப்பவருக்குத் தொகை உறைந்துபோகிறது. கனடாவின் முதியோர் பாதுகாப்பு ஓய்வூதியத்தை, 18 வயதுக்குப் பிறகு 10 ஆண்டுகள் அங்கே வசித்தவர் நாட்டுக்குள் இருந்தபடி பெறலாம். வெளிநாட்டில் இருந்து தொடர்ந்து பெற வேண்டுமானால் 20 ஆண்டுகள் வசித்திருக்க வேண்டும். குறைந்த வருமானம் உடையவர்களுக்கு அதோடு சேர்த்துத் தரப்படும் கூடுதல் உதவியோ, எத்தனை ஆண்டுகள் வசித்திருந்தாலும், ஆறு மாதத்துக்கு மேல் வெளியே தங்கினால் நின்றுவிடும். ஆஸ்திரேலியாவில் 26 வாரங்களுக்கு மேல் வெளிநாட்டில் இருப்பவரின் முதியோர் ஓய்வூதியம், உழைக்கும் வயதில் அவர் அங்கே வாழ்ந்த காலம் 35 ஆண்டுகளுக்குக் குறைவாக இருந்தால் அந்த விகிதத்தில் வெட்டப்படுகிறது. நாடுகளுக்கிடையிலான சமூகப் பாதுகாப்பு ஒப்பந்தங்கள் சில இடங்களில் இரு நாட்டு ஆண்டுகளையும் கூட்டிக் கணக்கிட உதவுகின்றன. அத்தகைய ஒப்பந்தம் இருக்கிறதா என்பதை வேலையில் இருக்கும்போதே கேட்டு வைப்பது நல்லது. வளைகுடா நாடுகளில் பணிபுரிந்த வெளிநாட்டினர் பெரும்பாலோருக்கு இந்தச் சிக்கல் எதுவும் இல்லை, ஏனெனில் அவர்களுக்கு அரசு ஓய்வூதியமே இல்லை. ஐக்கிய அரபு அமீரகத்தில் முதல் ஐந்து ஆண்டுகளுக்கு ஆண்டொன்றுக்கு 21 நாள் அடிப்படைச் சம்பளமும், அதற்குப் பின் 30 நாள் சம்பளமும் பணிக்கொடையாகக் கிடைக்கும். இருபது, முப்பது ஆண்டு முதுமையை அதை மட்டும் நம்பி ஓட்ட முடியாது.

அடுத்தது மருத்துவமும் பராமரிப்பும். இவை இரண்டும் வெவ்வேறு என்பதைப் பலரும் தேவை வந்த பிறகுதான் அறிகிறார்கள். இடுப்பெலும்பு முறிந்தால் அறுவை சிகிச்சை செய்வது மருத்துவம். அதற்குப் பிறகு ஆண்டுக்கணக்கில் எழுப்பி உட்கார வைப்பதும் உடை மாற்றுவதும் பராமரிப்பு. முன்னதற்குத் தாராளமாகச் செலவிடும் நாடுகள் பின்னதைக் குடும்பத்தின் தலையில் விட்டுவிடுகின்றன. அமெரிக்காவில் முதியவர்களுக்கான அரசு மருத்துவக் காப்பீடான மெடிகேர், மருத்துவமனையில் உள்நோயாளியாகக் குறைந்தது மூன்று நாட்கள் இருந்தவருக்குச் செவிலியர் இல்லத்தில் அதிகபட்சம் 100 நாட்கள் உதவுகிறது. அதிலும் 20 நாட்களுக்குப் பிறகு நோயாளியும் பங்கு செலுத்த வேண்டும். அன்றாட உதவி மட்டுமே தேவைப்படும் நீண்டகாலப் பராமரிப்பு அதில் அடங்காது. அந்தச் செலவை ஏற்கும், வசதி குறைந்தவர்களுக்கான அரசு மருத்துவ உதவியான மெடிகெய்டைப் பெறச் சேமிப்பு ஏறத்தாழக் கரைந்திருக்க வேண்டும். 1996-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, பச்சை அட்டை (நிரந்தர வசிப்புரிமை) பெற்றவர்களில் பலர் முதல் ஐந்து ஆண்டுகளுக்கு அதைக் கேட்கவும் முடியாது. இங்கிலாந்தில் மருத்துவமனை இலவசம். சமூகப் பராமரிப்பு எனப்படும் அன்றாட உதவிக்கோ, சொத்தைப் பார்க்கும் வசதிச் சோதனை உண்டு, 23,250 பவுண்டுக்கு மேல் சொத்து உடையவர் தன் செலவைத் தானே ஏற்க வேண்டும்.

பராமரிப்பைத் தனி இடர் என்று ஏற்று அதற்கெனக் காப்பீடு அமைத்த நாடுகளில் ஜெர்மனியும் ஜப்பானும் முக்கியமானவை. ஜெர்மனி 1995-இலும் ஜப்பான் 2000-இலும் கட்டாய நீண்டகாலப் பராமரிப்புக் காப்பீட்டைக் கொண்டுவந்தன. ஜப்பானில் 40 வயதைக் கடந்தவர்கள் பங்களிப்புச் செலுத்துகிறார்கள். நீண்டகாலம் வசிக்கும் வெளிநாட்டவரும் அதில் அடக்கம். தேவை எழும்போது ஏழு நிலைகளில் ஒன்றில் மதிப்பிடப்பட்டு, செலவில் 10 முதல் 30 விழுக்காடு வரை மட்டும் ஏற்று, வீட்டுக்கு உதவியாளரை வரவழைக்கலாம், பகல்நேர மையத்துக்குப் போகலாம், இல்லத்தில் சேரலாம். இப்படியொரு நாட்டில் இருபது ஆண்டுகள் காப்பீடு கட்டியவர், வாடகை மிச்சம் என்பதற்காக எழுபது வயதில் வெளியேறினால் எதை விட்டுவிட்டுப் போகிறார் என்று கணக்குப் பார்க்க வேண்டும். ஜெர்மனியின் பராமரிப்புப் பணம் ஐரோப்பிய ஒன்றிய நாடுகளுக்குள் கூடவே வரும். அதைத் தாண்டி வேறு கண்டத்தில் நிலையாகக் குடியேறினால் வராது.

ஓய்வு விசாக்களின் விளம்பரங்களில் நீச்சல் குளமும் மாலைநேரக் கடற்கரையும் தவறாமல் இருக்கும். சக்கர நாற்காலியில் அமர்ந்த ஒருவரை நான் இதுவரை அவற்றில் பார்த்ததில்லை. தாய்லாந்து 50 வயது கடந்தவர்களுக்கு ஓய்வு விசா தருகிறது. வங்கியில் 8 லட்சம் பாட் வைத்திருக்க வேண்டும் அல்லது மாதம் 65,000 பாட் வருமானம் காட்ட வேண்டும். அனுமதியை ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும், 90 நாட்களுக்கு ஒருமுறை முகவரியைத் தெரிவிக்க வேண்டும். நலமாக இருக்கும்போது இது சிறு தொல்லை மட்டுமே. ஒரு பக்கவாதத்துக்குப் பிறகோ, மருத்துவச் செலவால் அந்த வைப்புத்தொகையே குறைந்த பிறகோ, இதே விதிகள் சிகிச்சையின் நடுவில் நாட்டைவிட்டு வெளியேற வேண்டிய நிலையில் கொண்டுவிடக்கூடும்.

விதிகள் மாறும் என்பது இன்னொரு சிக்கல். 2002-இல் தொடங்கிய மலேசியாவின் 'என் இரண்டாம் இல்லம்' திட்டத்தில், விண்ணப்பிப்பவர் காட்ட வேண்டிய வெளிநாட்டு மாத வருமானம் 2021-இல் 10,000 ரிங்கிட்டிலிருந்து ஒரே தாவலில் 40,000 ரிங்கிட் ஆனது. 2024-இல் திட்டம் மறுபடியும் மாற்றப்பட்டு வைப்புத்தொகை அளவுப்படி அடுக்குகளாக்கப்பட்டது. போர்ச்சுகல் 2009 முதல் புதிதாகக் குடிவரும் ஓய்வூதியர்களுக்கு அளித்த வரிச்சலுகையை 2020-இல் குறைத்து 10 விழுக்காடு வரி போட்டது. பின்னர் அந்தத் திட்டத்தையே புதியவர்களுக்கு மூடியது. தங்கள் ஓய்வூதியர்கள் அங்கே வரியின்றி வாழ்வதைப் பொறுக்காத பின்லாந்தும் சுவீடனும் போர்ச்சுகலுடனான வரி ஒப்பந்தங்களையே முறித்துக்கொண்டன. இத்தகைய விசாக்களை ஐந்து அல்லது பத்து ஆண்டுக்கான ஏற்பாடாகக் கொள்வதில் தவறில்லை. கடைசிக் காலத்துக்கான ஏற்பாடாக நான் அவற்றை எண்ணமாட்டேன்.

ஐந்து, பத்து ஆண்டு ஏற்பாடாக எண்ணிப் போகிறவர்கள் திரும்பி வரும் கதவைத் திறந்தே வைத்திருக்க வேண்டும். குடியுரிமை பெறாமல் நிரந்தர வசிப்புரிமையோடு மட்டும் வெளியேறினால் அந்தக் கதவு தானாகச் சாத்திக்கொள்ளும். பிரிட்டனில் காலவரையற்ற வசிப்புரிமை, தொடர்ந்து இரண்டு ஆண்டுகள் வெளியே இருந்தால் பொதுவாக இழக்கப்படுகிறது; கனடாவில் ஐந்து ஆண்டுகளில் 730 நாட்கள் உள்ளே இருந்திருக்க வேண்டும்; அமெரிக்கப் பச்சை அட்டையோடு முன்னனுமதி இல்லாமல் ஓராண்டுக்கு மேல் வெளியே இருந்தவர் எல்லையில் தடுக்கப்படலாம். அமெரிக்கக் குடிமக்களுக்கும் ஒரு எச்சரிக்கை உண்டு. மெடிகேர் வெளிநாட்டுச் சிகிச்சைக்குப் பெரும்பாலும் பணம் தராது என்பதால் மருத்துவர் கட்டணம் போன்றவற்றுக்காகப் பிரீமியம் கட்டிச் சேரும் அதன் 'பி' பகுதியைப் பலர் எடுக்காமல் விடுகிறார்கள். திரும்பி வந்து சேரும்போது, விட்ட ஒவ்வொரு முழு ஆண்டுக்கும் பிரீமியம் 10 விழுக்காடு கூடும், அந்தக் கூடுதல் பொதுவாக வாழ்நாள் முழுவதும் தொடரும்.

தொடர் பராமரிப்புக் குடியிருப்புகள் இதற்கெல்லாம் விடை என்று சொல்லப்படுகின்றன. தனி வீட்டில் தொடங்கி, உதவியுடன் வாழும் பகுதிக்கும், பிறகு செவிலியர் பகுதிக்கும் ஒரே வளாகத்துக்குள் மாறிக்கொள்ளும் ஏற்பாடு அது. ஏற்பாடு நல்லதா என்பது ஒப்பந்தத்தைப் பொறுத்தது. சில ஒப்பந்தங்களில் செவிலியர் பகுதிக்குப் போனாலும் மாதக் கட்டணம் அதிகம் மாறாது. சிலவற்றில் குறிப்பிட்ட நாட்கள் மட்டும் சலுகை. சிலவற்றில் அன்றைய சந்தை விலையை முழுதாகக் கொடுக்க வேண்டும். நுழைவுத் தொகையில் எவ்வளவு திரும்ப வரும், நிறுவனம் நொடித்தால் அந்தத் தொகைக்கு என்ன ஆகும் என்பதை வழக்கறிஞரிடம் காட்டிப் படிக்க வேண்டும். இவற்றில் பெரும்பாலானவை நடமாடும் நிலையில் இருப்பவரை மட்டுமே சேர்த்துக்கொள்ளும். தேவை வரட்டும், பார்க்கலாம் என்று காத்திருப்பவருக்கு இடம் இல்லை.

மொழிதான் இந்த விஷயத்தில் மிகக் குறைவாகப் பேசப்படுவது. மறதி நோய் முற்றும்போது பிற்காலத்தில் கற்ற மொழி முதலில் தேய்ந்து, தாய்மொழி மட்டும் மிஞ்சுவது பலரிடம் காணப்படுகிறது. நாற்பது ஆண்டுகள் அயல்மொழியில் அலுவலகம் நடத்தியவர், வலிக்கிறது என்பதைச் செவிலியரிடம் சொல்ல முடியாமல் போகலாம். இதை உணர்ந்த குடியேறிகள் சில இடங்களில் தாங்களே வழி செய்துகொண்டார்கள். சான் பிரான்சிஸ்கோவின் சைனாடவுன் பகுதியில் சீன, இத்தாலிய, பிலிப்பினோ முதியவர்களுக்காக 1971-இல் உருவான ஆன் லோக் என்ற அமைப்பு, முதியோர் இல்லம் கட்டுவதற்குப் பதிலாகப் பகல்நேர மையம் ஒன்றைத் திறந்தது. மருத்துவர், உடற்பயிற்சி, உணவு, தங்கள் மொழிப் பேச்சு எல்லாம் பகலில் அங்கே கிடைக்கும். இரவில் முதியவர் தன் வீட்டுக்குத் திரும்புவார். செவிலியர் இல்லத்தில் சேரும் அளவு நலிந்தவர்களையும் வீட்டிலேயே வாழவைத்த அந்த முறையை, 1997-ஆம் ஆண்டுச் சட்டம் நாடு முழுவதற்குமான நிரந்தரத் திட்டமாக்கியது. டொரன்டோவின் ஸ்கார்பரோவில் 1994-இல் தொடங்கிய யீ ஹாங் இல்லத்தில் சீன முதியவர்களுக்கு அவர்கள் மொழியிலேயே பராமரிப்பு கிடைக்கிறது. காத்திருப்போர் பட்டியலோ ஆண்டுக்கணக்கில் நீள்கிறது. நெதர்லாந்தின் வாகனிங்கன் நகரில் இந்தோனேசியாவிலிருந்து வந்த முதியவர்களுக்கென ருமா கிதா என்ற இல்லம் இருக்கிறது. எதிர்த்திசையில், தாய்லாந்தின் சியாங் மாய் அருகே சுவிஸ் நாட்டவர் ஒருவர் 2003-இல் தொடங்கிய இல்லம், ஜெர்மன் பேசும் மறதி நோயாளிகளுக்கு இரவும் பகலும் ஆளுக்கொரு பராமரிப்பாளரைத் தருகிறது.

இந்த இல்லங்களும் என்றென்றைக்குமானவை அல்ல. லாஸ் ஏஞ்சலிஸில் ஜப்பானிய அமெரிக்கர்கள் தலைமுறைகளாக வளர்த்தெடுத்த கெய்ரோ முதியோர் இல்லங்கள், சமூகத்தின் கடும் எதிர்ப்பையும் மீறி, 2016-இல் தனியார் நிறுவனத்துக்கு விற்கப்பட்டன.

கடைசியாகச் சட்ட ஆவணங்கள். நம் சார்பில் செயல்பட இன்னொருவருக்கு உரிமை தரும் சாதாரண அதிகாரப் பத்திரம், எழுதிக்கொடுத்தவர் முடிவெடுக்கும் திறனை இழந்த அன்றே பல நாடுகளில் செல்லாததாகிவிடும். அதாவது, மிகத் தேவைப்படும் நாளில் அது பயன்படாது. திறன் இழந்த பிறகும் தொடரும் வகைப் பத்திரம் தனியே உண்டு. ஒரு நாட்டில் எழுதிய அத்தகைய பத்திரத்தை இன்னொரு நாட்டு வங்கியோ மருத்துவமனையோ ஏற்கும் என்பதற்கு உறுதியில்லை. இதற்கென உருவான, பெரியவர்களின் பன்னாட்டுப் பாதுகாப்புக்கான ஹேக் ஒப்பந்தம் 2000-இல் எழுதப்பட்டு 2009-இல் நடைமுறைக்கு வந்தது. ஆனால் சேர்ந்திருக்கும் நாடுகள் குறைவு, பிரிட்டனிலேயே ஸ்காட்லாந்துக்கு மட்டும்தான் அது பொருந்தும். ஆகவே சொத்தோ சிகிச்சையோ இருக்கக்கூடிய ஒவ்வொரு நாட்டிலும் அந்தந்தச் சட்டப்படி ஒரு பத்திரம் எழுதுவதும், உயிலை எழுதும்போது ஒரு நாட்டு உயில் மற்ற நாட்டு உயிலை அறியாமல் ரத்துசெய்துவிடாதபடி வாசகத்தைச் சரிபார்ப்பதும் தேவையாகின்றன. கணவன் மனைவி ஒருவரையொருவர் மட்டும் நியமித்துக்கொண்டு நிறுத்திவிடுவது வழக்கம்; இருவரும் ஏறத்தாழ ஒரே வயதில் இருப்பதால், அடுத்த தலைமுறையைச் சேர்ந்த, அதே நாட்டில் வசிக்கும் ஒருவரையும் மாற்று ஆளாகச் சேர்க்க வேண்டும்.