நெட்டுவாக்குப் படங்கள் மட்டும் ஏன் ஏறவில்லை?

மொரிஷியஸில் தைப்பூசம் அரசு விடுமுறை. காத்ர் போர்னில் கோர் தெ கார்ட் மலைக்கோயிலுக்குப் போகும் காவடிகளை எங்கள் சங்கத்துப் பையன்கள் நல்ல கேமராவில் எடுத்துத் தருவார்கள். அவற்றை இணையதளத்தில் ஏற்றுவது என் வேலை. இந்த முறை பல படங்கள் ஏறவில்லை. 134217728 பைட் நினைவகம் தீர்ந்துவிட்டது, மேலும் 16384 பைட் தேவை என்று ஒரு பிழைச்செய்தி.

அந்தப் பெரிய எண் 128 எம்பி, எங்கள் தளம் இயங்கும் பிஎச்பி என்ற நிரல்மொழியின் இயல்பான வரம்பு. அதைக் கூட்ட வேண்டுமானால் பெரிய திட்டத்துக்கு மாறுங்கள் என்றார் ஹோஸ்டிங்காரர். எனக்கு மனம் ஒப்பவில்லை. படக் கோப்பு பத்து எம்பிகூட இல்லையே!

ஆனால் கோப்பின் அளவு இங்கே கணக்கில்லை. ஜேபெக் என்பது சுருக்கிச் சேமித்த படம்; தளத்துக்காக அதைச் சிறிதாக்க முதலில் நினைவகத்தில் முழுதாக விரிக்க வேண்டும். பிஎச்பியில் படங்களைக் கையாளும் ஜிடி நூலகம் பிக்சலுக்கு 4 பைட் எடுக்கும். 6000-க்கு 4000 படம் என்றால் 9.6 கோடி பைட். சரி, அதுவும் 13.4 கோடி என்ற வரம்புக்குள்தான்.

ஏறாத படங்களைத் திறந்து பார்த்தபோதுதான் பிடிபட்டது. எல்லாமே நெட்டுவாக்கில் எடுத்தவை. கேமரா அவற்றையும் படுக்கைவாக்கிலேயே சேமித்து, திருப்பிக் காட்டச் சொல்லி, கோப்புக்குள் இருக்கும் எக்ஸிஃப் என்ற விவரப் பகுதியில் குறிப்பு மட்டும் வைக்கிறது. தளத்தில் படங்களை ஏற்றிக் காட்டும் கேலரி செருகுநிரல் அந்தக் குறிப்பைப் படித்து, முழு அளவிலேயே படத்தைத் திருப்பியது. திருப்ப இன்னொரு முழுப் பிரதி வேண்டும். மொத்தம் 19 கோடி பைட், வரம்பைத் தாண்டிவிட்டது. அந்த 16384 பைட், புதுப் பிரதியின் ஒரே ஒரு பிக்சல் வரிசைக்குக் கேட்ட இடம்தான்.

செருகுநிரலின் நிரல் இருக்கும் கிட்ஹப் தளத்தில், அதை உருவாக்கியவருக்கு எழுதினேன். வரம்பை 256 எம்பி ஆக்குங்கள் என்று உடனே பதில் வந்தது. அவரைக் குறை சொல்ல முடியாது. 'மெமரி எரர் வருகிறது' என்று ஒற்றை வரி எழுதுபவர்களுக்கு வேறென்ன சொல்வார்? அப்புறம் கணக்கையும், உச்ச நினைவகப் பயன்பாட்டின் அளவுகளையும், சோதித்துப் பார்க்க ஒரு சுவரின் படத்தையும் அனுப்பினேன். பக்தர்களின் முகங்களைப் பொதுவில் போட விருப்பமில்லை. கூடவே திருத்தமும்: முதலில் 1600 பிக்சலுக்குச் சுருக்கு, மூலப் படத்தை விடுவி, பிறகு திருப்பு. படத்தை விடுவிக்கவென்றே இருந்த இமேஜ்டெஸ்ட்ராய் கட்டளை பிஎச்பி 8 முதல் எதையும் விடுவிப்பதில்லை; அதனால் படத்தை வைத்திருக்கும் மாறியையே நீக்கும் அன்செட்.

அவர் நல்ல கேள்வி ஒன்று கேட்டார்: திருப்பும் முன்பே சுருக்கினால் அகல, உயர வரம்புகள் இடம் மாறாதா? மாறும். எக்ஸிஃப் 90 பாகை என்றால் இரண்டையும் மாற்றிக்கொள்ளும்படி சேர்த்தேன். அடுத்த பதிப்பிலேயே திருத்தம் வந்துவிட்டது. இன்னும் பெரிய படங்களுக்காக, கோப்பின் தலைப்பகுதியை மட்டும் படித்து அளவு பார்த்து, விரிக்கும் முன்பே எச்சரிக்கும் வரிகளை அவரே எழுதிச் சேர்த்துவிட்டார்.