மோந்தேயின் தாஃப்னிஸ்

நேற்று ராத்திரி தூக்கம் வராமல், பிரெஞ்சு இசையமைப்பாளர் ரவேலின் 'தாஃப்னிஸ் எ க்ளோயே' பாலே இசையை மறுபடி முழுதாகக் கேட்டேன். 1959-இல் லண்டன் சிம்பொனி ஆர்கெஸ்ட்ராவை வைத்து இசை நடத்துநர் பியேர் மோந்தே டெக்கா ரெக்கார்டு கம்பெனிக்காகப் பதிவு செய்தது. 1912-இல் பாரிஸில் இந்த பாலே முதன்முதலாக அரங்கேறியபோது ஆர்கெஸ்ட்ராவை நடத்தியவரும் இதே மோந்தேதான், 47 வருஷம் கழித்து எண்பதைத் தாண்டிய வயதில் அதையே மறுபடி வாசிக்க வைக்கிறார் என்றால் சும்மாவா!

பலரும் இதிலிருந்து கச்சேரிக்காகத் தொகுத்த 'இரண்டாவது சூட்' (suite) பகுதியை மட்டும் கேட்டுவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். அது தப்பு. அந்த சூட் தொடங்குகிற, பொழுது விடியும் கட்டத்துக்கு முன்னால், சொல்லே இல்லாமல் கோரஸ் பாடுகிற இருட்டைக் கடந்து வரவேண்டும், அப்போதுதான் புல்லாங்குழல்களும் கிளாரினெட்டுகளும் ஓடை மாதிரி சலசலக்க, அடியில் தாழ்ந்த தந்திகளிலிருந்து ஒரு மெட்டு அவசரமே இல்லாமல் எழும்பி வருவது உடம்பில் உறைக்கும். மோந்தே எங்கேயும் சர்க்கரையைக் கொட்டுவதில்லை. வேறு சில பதிவுகளில் எல்லாம் ஒரே பனிமூட்டம். இங்கே ஒவ்வொரு வாத்தியமும் தனித்தனியாகக் காதில் விழுகிறது.

அப்புறம் அந்தக் கடைசி நடனம். ஐந்து ஐந்தாக எண்ண வேண்டிய தாளம். கணக்குப் பிடிபடாத நடனக் கலைஞர்கள் 'செர்-கே-தியா-கி-லெவ்' என்று தங்கள் பாலே குழு முதலாளி பேரையே சொல்லிப் பழகினார்களாம். இப்போது எனக்கும் அதைச் சொல்லாமல் கேட்க முடியவில்லை.

ஹெட்போனில் கேளுங்கள், ஆனால் சத்தத்தை முதலிலேயே ஏற்றி வைக்காதீர்கள், ஆரம்பம் அவ்வளவு மெல்லிசு.