பச்சைப் பெயின்றுக்குக் கீழே ஒரு ஜப்பான் றேஸ் சைக்கிள்

தை மாதக் கடைசியில், விதைநெல் கேட்டு ஒட்டுசுட்டானுக்கு உள்ளே ஒரு கிறவல் வீதியால் போனபோதுதான் அதைக் கண்டேன். கோழிக்கூட்டுக் கதவு திறந்துவிடாமல் ஒரு சைக்கிளை முண்டு கொடுத்து வைத்திருந்தார்கள். யன்னலுக்கு அடிக்கிற கடும்பச்சைப் பெயின்ற், ஆட்டுக்கொம்பு போல மேலே பார்க்கத் திருப்பிப் பூட்டிய காண்டில். முன் சில்லு இருந்தது. பின் சில்லு இல்லை. சீற் இருந்த இடத்தில் ஒரு சாக்குத் துண்டு.

நான் நின்றது வேறொன்றைப் பார்த்து. சாதாரணச் சைக்கிளில் பின் அச்சுப் பூட்டுகிற காது தகடாக மெல்லிதாக இருக்கும். இதில் விரல் தடிப்பு, அதோடு கியர் தொங்கவிடக் கீழ்நோக்கி ஒரு நாக்கு. கீழ்க் குழாயின் இரண்டு பக்கமும் கியர் லீவர் பூட்டுகிற குமிழ் ஒவ்வொன்று. இந்த ஊரில் கொள்கலனில் வந்து இறங்கும் ஜப்பான் கூடைச் சைக்கிளில் இதெல்லாம் இருக்காது. முன் குழாயில் பெயின்ற் திரண்டிருந்த இடத்தை நகத்தால் கிண்டினேன். ஒரு தகடும், அதில் ‘பிறிட்ஜ்ஸ்டோன்’ என்பதன் முதல் எழுத்தும் தெரிந்தன.

“உதை என்னத்துக்குத் தம்பி பாக்கிறீர்? இரும்புக்காரன் வந்தாக் குடுக்கத்தான் வைச்சிருக்கிறன்” என்றார் வீட்டுக்கார ஐயா. காசுக்குத் தரமாட்டேன் என்றும் சொன்னார். எழுபது கடந்த மனிதர், இப்போது பார் வைத்த சைக்கிளில் காலைத் தூக்கிப் போட ஏலாது. “எனக்குச் சந்தைக்குப் போய்வர ஒரு லேடீஸ் சைக்கிள் தாரும், காணும்.” அடுத்த ஞாயிறு ஒரு 26 அங்குல ஜப்பான் லேடீஸ் சைக்கிளுக்குப் புது ரியூப் போட்டுக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு இதைத் தூக்கி வந்தேன். புறப்படும்போது ஒரு பழைய பால்மா ரின்னையும் கையில் தந்தார். அதைப் பிறகு சொல்கிறேன்.

வீட்டுப் பத்தியில், வளையில் கயிறு கட்டித் தொங்கவிட்டுத்தான் வேலையைத் தொடங்கினேன். முதல் வேலை கழற்றுவது. பெடல் கிரேங்க் சுற்றவில்லை. உள்ளே அச்சைத் தாங்கும் கப்பையும் அதற்குள் உருளும் இரும்புக் குண்டுகளான போல்ஸையும் கறள் பிடித்து ஒன்றாக்கியிருந்தது. இடப்பக்கக் கப் மண்ணெண்ணெயில் ஒரு இரவு ஊற வந்துவிட்டது. வலப்பக்கம் அசையவே இல்லை. இரண்டு நாள் சாவிக்குக் குழாய் போட்டு நீட்டி, முழுப் பலத்தோடு இழுத்தேன். மூன்றாம் நாள் சைக்கிள்கடை அண்ணை வந்து பார்த்துச் சிரித்தார். வலப்பக்கக் கப்பின் புரி எதிர்ப்புரி, கடிகாரம் சுற்றும் பக்கம் திருப்பினால்தான் கழரும். இரண்டு நாளாக நான் இறுக்கிக்கொண்டு இருந்திருக்கிறேன். நீங்களும் ஜப்பான் சைக்கிள் ஒன்றைப் பிரிக்கப்போனால் இதை மட்டும் மறக்க வேண்டாம்.

கப் வந்ததும் உள்ளிருந்து செம்மண் கொட்டியது, ஒரு சிரட்டை நிறைய. மண்குளவி சீற் குழாயை அடி தொடக்கம் நுனி வரை வீடாக்கியிருந்தது. ஒருபக்கம் பதினொன்றாக இருபத்திரண்டு கால் அங்குல போல்ஸ் போட்டேன். நம்மூர்ச் சைக்கிளுக்கும் அதே அளவுதான், எந்தக் கடையிலும் கிடைக்கும். முன் சில்லுக்கு மட்டும் இன்னும் சின்னது, 3/16 அங்குலம், பக்கத்துக்குப் பத்து.

காண்டில் தண்டுதான் பெரிய பாடு. தண்டு அலுமினியம், அது இறங்கியிருக்கும் குழாய் உருக்கு. ஈரமும் உப்பும் சேர்ந்தால் இந்த இரண்டுக்கும் இடையே அலுமினியம் பூத்து வெள்ளை மாவாகி இறுகிவிடும். மேலே உள்ள ஆணியை நாலு சுற்றுத் தளர்த்தி, பலகை வைத்துத் தட்ட உள்ளே இருந்த ஆப்புக் கழன்று விழுந்த சத்தம் கேட்டது. தண்டு வரவில்லை. பக்கத்து வீட்டுப் பெடியன் சூடு காட்டச் சொன்னான். சூட்டில் அலுமினியம் உருக்கைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும், இன்னும் இறுகத்தான் செய்யும். அப்போ குளிர்தானே மருந்து? முல்லைத்தீவில் மீன்வாடி வைத்திருக்கும் மச்சானிடம் சொல்லி ஒரு பெட்டி ஐஸ் எடுத்தேன். தண்டைச் சுற்றிச் சாக்கில் ஐஸைக் கட்டி அரை மணித்தியாலம் விட்டு, குழாய்ப் பக்கம் மட்டும் கொதிதண்ணீர் ஊற்றி, முன் சில்லைத் தொடையால் இறுக்கிக்கொண்டு காண்டிலைத் திருப்பினேன். முதல்முறை ஒன்றும் இல்லை. மூன்றாம் முறை ‘கிறீச்’ என்று ஒரு நூல் அசைந்தது. அதன் பிறகு இருபது நிமிடம். சைக்கிள் முழுக்க இன்னும் மீன் மணம்.

இனிப் பால்மா ரின். மூடியை மெழுகால் அடைத்திருந்தார். உள்ளே வாய் மட்டத்துக்குக் கிறீஸ். கையை விட்டுத் துழாவ ஒவ்வொன்றாக வந்தன: பின் கியர், முன் கியர், இரண்டு லீவர், ஒரு பிடி திருகாணி. மண்ணெண்ணெயில் கழுவியபோது பின் கியரில் ‘சிமானோ’ என்ற ஜப்பான் கியர்க் கம்பனியின் பெயர் நேற்றுப் பொறித்தது போல இருந்தது. பின்பக்கத்தில் இரண்டு சின்ன எழுத்து, எச்சும் ஈயும். சிமானோ சாமான்களில் முதல் எழுத்து வருடம், 1976ஐ ஏ என்று வைத்து எண்ண வேண்டும். இரண்டாவது மாதம். ஆக 1983 மே. கியர் லீவர் ‘கிளிக் கிளிக்’ என்று தானாக இடம் பிடிக்கும் முறையை அவர்கள் டியூரா ஏஸ் என்ற தங்கள் றேஸ் சாமான் வரிசையில் கொண்டுவந்தது 1984இல். இது அதற்கு முந்தியது, கையால் தடவித்தான் கியர் பிடிக்க வேண்டும். எனக்கு அது வசதியாகப் போனது, ஏன் என்று பின்னால் வரும்.

அந்தக் காலம் ஜப்பான் சைக்கிளுக்கு உச்சக் காலம். 1985 செப்டெம்பரில் டொலரின் பெறுமதியைக் குறைக்க ஐந்து நாடுகள் செய்த பிளாசா உடன்பாடு வந்தது, யென்னின் பெறுமதி எகிறியது, வெளிநாட்டு ஓடர்கள் தைவானுக்குப் போகத் தொடங்கின. பிறிட்ஜ்ஸ்டோன் அடிப்படையில் ரயர்க் கம்பனி, 1931இல் தொடங்கியது. சைக்கிளுக்கென்று தனிக் கம்பனி 1949இல் வந்தது. தொடங்கியவரின் குடும்பப் பெயர் இஷிபாஷி, கல்லுப் பாலம் என்று பொருள். அதைத் தலைகீழாகத் திருப்பி ஆங்கிலத்தில் வைத்ததுதான் கம்பனிப் பெயர்.

கிறீஸில் புதைத்து வைத்த கதையைக் கேட்கத்தான் மாசியில் ஐயாவிடம் திரும்பப் போனேன். அவருடைய தம்பி கப்பலில் வேலை செய்தவர். ஜப்பானில் கோபேயில் வாங்கி, கப்பலிலேயே கொழும்புக்குக் கொண்டுவந்து, அங்கிருந்து யாழ்தேவியில் ஏற்றியிருக்கிறார். 1995 இடம்பெயர்வில் கிளாலிக் கடல்நீரேரியால் வள்ளத்தில் ஏற்றி வன்னிக்கு வந்தது. மண்ணெண்ணெயும் பற்றரியும் வராத காலத்தில் இதில்தான் டைனமோ பூட்டி வானொலி கேட்டிருக்கிறார்கள். சைக்கிளைக் கவிழ்த்து வைத்து ஒருவர் பெடலைக் கையால் சுற்ற, ஆறு வோல்ற் டைனமோவில் இருந்து நாலு டயோட் வழியாக வானொலிக்கு வயர். “தமிழோசை போகேக்க சுத்துறவன் நித்திரை தூங்கினால் செய்தி நிண்டிடும். அடி விழும்” என்றார். 2008 கடைசியில் வெளிக்கிட முன்னர் சில்லைக் கழற்றி, தறப்பாளில் சுற்றி, கியரை ரின்னுக்குள் போட்டு வளவுக்குள் கிடங்கு வெட்டித் தாட்டிருக்கிறார். முகாமில் இருந்து வந்து 2011இல் கிண்டும்போது பின் சில்லு மட்டும் இல்லை. யார் எடுத்தது என்று தெரியாதாம். அதைப் பற்றி மேலே அவர் கதைக்கவில்லை, நானும் கேட்கவில்லை.

பச்சைப் பெயின்ற் வீட்டுத்திட்டத்து யன்னலுக்கு அடித்ததில் மிஞ்சியது. பேரனுக்குத் திருத்திக் கொடுக்கலாம் என்று அடித்தாராம், பின் சில்லு தேடி அலுத்துப்போய் விட்டுவிட்டார்.

என்னுடைய திட்டம் அப்போது நேரானது. பச்சையை எடுப்பது, உள்ளே உள்ளதையும் சுரண்டுவது, கிளிநொச்சியில் ஸ்பிறே பெயின்ற் அடிப்பது. கம்பித் தூரிகையால் தொடங்கி முன் தகட்டில் அரைவாசிப் பொன்னிறத்தை உரித்தும் விட்டேன். அது என் பிழை, இனித் திரும்பி வராது. அதற்குப் பிறகு கொஞ்சம் நிதானம் வந்து, தின்னரில் துணி நனைத்து மெல்லத் துடைத்தேன். தொழிற்சாலையில் சூட்டடுப்பில் வேகவைத்த பெயின்ற் தின்னருக்கு லேசில் மசியாது. தூரிகையால் பூசிய எனாமல் இளகிவிடும். பச்சைக்குக் கீழே கடல் நீலம் வந்தது. மேல் பாருக்கு வந்தபோது துணியில் பச்சையோடு வெள்ளையும் ஒட்டியிருந்தது. கையை எடுத்துவிட்டேன்.

வெள்ளை எழுத்து. ஐயாவின் முதலெழுத்துகள் இரண்டு, அதற்குப் பக்கத்தில் ஊர்ப் பெயர். ஊர்ப் பெயரின் கடைசி எழுத்தை நான் ஏற்கெனவே துடைத்திருந்தேன். தொலைபேசியில் கேட்டேன். “ஓம் ஓம், கிளாலியில வள்ளத்தில நூறு சைக்கிள் தம்பி, மாறிப்போகாமல் நான்தான் எழுதினனான்.”

தின்னரை மூடி வைத்தேன். மிச்சப் பச்சையை மூங்கில் சிராம்பாலும் நகத்தாலும்தான் எடுத்தேன். ஐயா கறளையும் எண்ணெயையும் சரியாகத் துடைக்காமல் பூசியிருந்தபடியால் அது செதில் செதிலாகக் கழன்றது, அவருடைய அவசரம் எனக்கு உதவி. மேல் பாருக்கு மட்டும் ஒன்பது மாலை எடுத்தது. ஸ்பிறே அடிக்கும் யோசனை அதோடு போய்விட்டது. சைக்கிள்கடை அண்ணைக்கு இதில் இன்னும் உடன்பாடு இல்லை. “புதுசு மாதிரி ஆக்காமல் என்னத்துக்கு இவ்வளவு கரைச்சல்?” என்று காணும்போதெல்லாம் கேட்கிறார்.

குரோம் பூச்சில் இருந்த கறளுக்கு சிகரெட் பெட்டிக்குள் இருக்கும் வெள்ளித் தாளும் தண்ணீரும் போதும், தேய்க்கத் தேய்க்கக் கறுப்பாக வழிந்து பளபளப்பு வரும். குழாய்களுக்கு உள்ளே ஆளிவிதை எண்ணெய் விட்டு, ஃபிறேமைச் சரித்துச் சரித்துச் சுற்றி, ஒரு கிழமை காய வைத்தேன். வெளியே தேன்மெழுகு. மாங்குளத்துக் காட்டில் தேன் எடுக்கிறவர்களிடம் அடைமெழுகு வாங்கி, சுடுதண்ணீர்ச் சட்டிக்குள் இன்னொரு சட்டி வைத்து உருக்கி, நெருப்புக்குத் தூரமாகக் கொண்டுபோய் மெழுகு ஒன்றுக்குத் தர்ப்பந்தைலம் மூன்று கலந்தேன். ஆறியதும் பூட்ஸ் பொலிஷ் பதம். மென்துணியால் பூசி உரசினால் நீலம் ஆழமாகத் தெரிகிறது, வெள்ளை எழுத்தும் உதிராமல் பிடித்து நிற்கிறது. வெயிலில் விட்டால் கொஞ்சம் பிசுபிசுக்கும், தூசி ஒட்டும். அது ஒரு குறைதான்.

பின் சில்லுக்கு வருவோம். முன் றிம் 27 அங்குலம், ரயர் அகலம் ஒன்றேகால். இந்த அளவு ரயர் கொழும்பிலும் தேட வேண்டும் என்றுதான் பயந்தேன். ரயர் உட்காரும் விட்டம் 630 மில்லிமீற்றர், நம்மூர் 28 அங்குலச் சைக்கிளுக்கு 635. ஐந்து மில்லிமீற்றர்தான் வித்தியாசம், ஆனாலும் பொருந்தாது. 27 அங்குல ஜப்பான் கூடைச் சைக்கிளின் றிம்மும் அந்த அளவு இல்லை, 609. ஆனால் பின்னுக்கு முழுச் சில்லாகவே போடுவதால் அது பரவாயில்லை. ஊரெல்லாம் ஓடுகிற சைக்கிள், ரயர் எல்லாக் கடையிலும் தொங்குகிறது. கிளிநொச்சியில் உடைந்த கூடைச் சைக்கிள் ஒன்றின் பின் சில்லை, ஆறு பல்லுச் சக்கரம் கொண்ட கியரோடு வாங்கினேன். ஃபிறேமில் பின் அச்சுப் பூட்டும் இடைவெளி 126 மில்லிமீற்றர், இந்த அச்சு 130. உருக்கு ஃபிறேம் என்பதால் இரண்டு கையாலும் விரித்து உள்ளே தள்ள நுழைந்துவிட்டது. பழைய பின் சில்லில் எத்தனை பல்லுச் சக்கரம் இருந்ததோ தெரியாது. கிளிக் இல்லாத லீவர் ஆனபடியால் ஐந்தா ஆறா என்று அது கேட்கவில்லை. பின் ரயர் 37 மில்லிமீற்றர் அகலம், பின் கவைக்கும் ரயருக்கும் இடையே ஒரு தீப்பெட்டிக் குச்சி மட்டும் போகும். மட்காட்டுக்கு இடமில்லை. மாரியில் முதுகு முழுக்கச் சேறுதான்.

டைனமோவுக்குப் பின் கவையில் பூட்டியிருந்த இரும்புப் பிடியை எடுக்கவில்லை. அது ஜப்பானில் வைத்தது அல்ல, கையால் வளைத்துச் செய்தது. டைனமோ இன்னும் கிடைக்கவில்லை, ஐயா வீட்டுப் பரணில் இருக்கலாமாம்.

வைகாசியில் வற்றாப்பளை அம்மன் பொங்கலுக்கு இதில்தான் போனேன். ஒட்டுசுட்டானில் ஐயா வீட்டுக்கு முன்னால் நிறுத்தினேன். சுற்றிவந்து பார்த்தார், பாரில் தன் எழுத்தைத் தடவினார், “சீற் உயரமெல்லோ?” என்று மட்டும் கேட்டார். முள்ளியவளை வரை தார் வீதி, எதிர்க்காற்று. சங்கிலி இரண்டு தரம் கழன்றது, பின் கியரின் எல்லைத் திருகாணியை நான் சரியாக வைக்கவில்லை. கோயிலடியில் சைக்கிள் பாதுகாப்பில் நின்ற பெடியன் துண்டைக் கட்டிவிட்டு ஸ்ராண்டைத் தேடினான்.

“அண்ணை, ஸ்ராண்ட் இல்லையோ?”

“இல்லை.”

“அப்ப என்னெண்டு விடுறது?” என்று முணுமுணுத்து, கொண்டுபோய் வேப்பமரத்தில் சாத்தினான்.