பானிகுலைட்டிஸ் ஸ்லைடு எனக்குப் பிடிபட்ட விதம்

பேத்தாலஜி பிஜி படிப்பவர்களிடம் எந்தத் தோல் பயாப்சி கஷ்டம் என்று கேட்டால், பலரும் பானிகுலைட்டிஸ் என்பார்கள். தோலடிக் கொழுப்பில் வரும் அழற்சிகள் ஏராளம். ஆனால் வெளியே பார்த்தால் பெரும்பாலும் காலில் வலியோடு சிவந்த கட்டிகள், அவ்வளவுதான். எனக்கு அது பிடிபட்ட வழியை இப்போது சேர்ந்திருப்பவர்களுக்காக எழுதுகிறேன்.

எல்லாம் பயாப்சியில் ஆரம்பிக்கிறது. பஞ்ச் (punch) என்ற சின்ன வட்டக் கருவியால் எடுத்தால் பல சமயம் டெர்மிஸோடு, அதாவது கொழுப்புக்கு மேலே உள்ள தோல் அடுக்கோடு, நின்றுவிடும். கொழுப்பு வந்தாலும் ஒரு துணுக்குதான் வரும். கத்தியால் ஆழமாக எடுத்த திசு வேண்டும். தோல் துறைக்குப் போன் போட்டு அதைக் கேட்கத் தயங்கவே கூடாது.

ஸ்லைடு வந்ததும் லோ பவரிலேயே கொஞ்ச நேரம் இருங்கள். பிராசஸிங்கில் கொழுப்பு கரைந்துபோவதால், மீன் வலை மாதிரி செல்களின் ஓரங்கள் மட்டும் தெரியும். அந்த வலையைப் பகுதி பகுதியாகப் பிரிக்கும் நார்ச்சுவர்தான் செப்டம். நடுவில் இருப்பது லோப்யூல். அழற்சி எதில் அதிகம்? முழுக்க ஒன்றில் மட்டும் இருப்பது அபூர்வம், அதனால் ‘எதில் அதிகம்’ என்றுதான் கேட்க வேண்டும். அடுத்த கேள்வி, வாஸ்குலைட்டிஸ், அதாவது ரத்தக்குழாய்ச் சுவரிலேயே அழற்சி, இருக்கிறதா என்பது.

பானிகுலைட்டிஸில் ஒரு வகையான எரித்தீமா நோடோசத்தில் செப்டம் தடித்திருக்கும், வாஸ்குலைட்டிஸ் இருக்காது. அதில் மீஷர் கிரானுலோமாவை (கிரானுலோமா என்பது அழற்சி செல்களின் சின்னத் திரள்) தேடிப் பாருங்கள்: நடுவில் சின்னக் கீறல் போல ஓர் இடைவெளி, அதைச் சுற்றி ஹிஸ்டியோசைட்டுகள் (திசுவில் உள்ள விழுங்கு செல்கள்) ஆரமாக அடுக்கி நிற்கும். முதன்முதலில் அதைக் கண்ட நாளில் ஸ்லைடை எடுக்க மனமே வரவில்லை.

நம் ஊரில் எரித்தீமா நோடோசம் என்ற பெயரோடு வரும் எல்லாக் கட்டியும் அதுவாக இருக்காது. கெண்டைக்காலில் புண்ணாகும் கட்டிகளோடு ஒரு பெண்மணியின் பயாப்சி வந்தது. லோப்யூல் முழுக்க அழற்சி, கிரானுலோமா, நடுவே நெக்ரோசிஸ் (திசு செத்துப்போவது), ரத்தக்குழாய்ச் சுவரும் சிதைந்திருந்தது. இது டிபியோடு தொடர்புள்ள பாசின் நோய், எரித்தீமா இண்டுரேட்டம். டிபி கிருமியைக் காட்டும் ஏஎஃப்பி ஸ்டெயினில் ஒன்றும் தெரியவில்லை; இதில் பெரும்பாலும் கிருமி தெரியாது, அதை வைத்து டிபி இல்லை என்று சொல்லிவிட முடியாது. டிபிக்கான தோல் பரிசோதனை மான்டூ பலமாகப் பாசிட்டிவ் வந்தது. டிபி மருந்தில் கட்டிகள் வற்றின.

இன்னொன்று ஈஎன்எல் (எரித்தீமா நோடோசம் லெப்ரோசம்), தொழுநோயில் வரும் ஒரு அழற்சி எதிர்வினை. நியூட்ரோஃபில் (ஒரு வகை வெள்ளணு) கூட்டத்துக்கு நடுவே நுரை போன்ற மேக்ரோஃபேஜ்கள் (விழுங்கு செல்கள்) தெரிந்தால் உடனே தொழுநோய்க் கிருமிக்கான ஃபைட் ஸ்டெயின் கேளுங்கள். ஆயில் இம்மர்ஷனில் தொழுநோய்க் கிருமிகள் துண்டு துண்டாகத் தெரியும். நோயாளியின் நரம்புகளைத் தொட்டுப் பார்த்தார்களா என்று கேட்பதும் நம் வேலைதான்.

அதிகம் குழப்புவது காலின் வெயின் (சிரை). அதன் தசைச் சுவர் தடித்து ஆர்ட்டரி (தமனி) போலவே இருக்கும். த்ராம்போஃப்ளெபைட்டிஸை (வெயினில் ரத்தம் உறைந்து வரும் அழற்சி) பாலிஆர்ட்டரைட்டிஸ் நோடோசா (ஆர்ட்டரியின் அழற்சி நோய்) என்று எழுதிவிட்டால் சிகிச்சையே மாறிவிடும். மீள்நார்களைக் காட்டும் எலாஸ்டிக் ஸ்டெயின் போட்டால், ஆர்ட்டரியில் உட்சுவரை ஒட்டி ஒரே நெளிகோடு. வெயினில் தசைக்கட்டுகளுக்கு இடையிலும் எலாஸ்டிக் நார்கள் பரவிக் கிடக்கும்.

சில ஸ்லைடுகள் பார்த்ததும் சொல்லிவிடலாம். உட்கரு இல்லாத பேய் செல்கள், பக்கத்தில் நீலமாகக் கால்சியம் என்றால் கணைய நோய். பச்சிளங்குழந்தையில் கொழுப்பு செல்லுக்குள் ஊசி ஊசியாகப் பிளவுகள் இருந்தால் ஃபேட் நெக்ரோசிஸ்.

லூபஸ் (உடலின் எதிர்ப்பாற்றல் தன்னையே தாக்கும் நோய்) பானிகுலைட்டிஸ் அப்படி இல்லை. லிம்ஃபாய்ட் ஃபாலிக்கிள் (லிம்ஃபோசைட் என்ற வெள்ளணுக்களின் உருண்டைத் திரள்), பிளாஸ்மா செல், ஹயலின் நெக்ரோசிஸ் (கண்ணாடி போல் தெரியும் திசுச் சிதைவு) இருந்தால் லூபஸ் பக்கம். கொழுப்பு செல்லைச் சுற்றி வளையமாக நிற்கும் லிம்ஃபோசைட்டுகள் விகாரமாக, சிடி8 (டி-செல் வகையைக் காட்டும் குறியீடு) பாசிட்டிவாக, கேஐ-67 (செல் பெருகுவதைக் காட்டும் குறியீடு) கூடுதலாக இருந்தால் லிம்ஃபோமா, அதாவது லிம்ஃபோசைட்டுகளின் புற்றுநோய். இரண்டும் கலந்து தெரிந்தால் நான் அடித்துச் சொல்வதில்லை. தொடர்ந்து கவனிக்கவும், புதுக் கட்டி வந்தால் மறுபடி ஆழமான பயாப்சி அனுப்பவும் என்று ரிப்போர்ட்டிலேயே எழுதிவிடுகிறேன்.