கொமோடோ தீவுகளுக்குப் படகில்: தீவுகளுக்கு முன் கடலைப் பாருங்கள்

இந்தோனேசியாவின் ஃபுளோரெஸ் தீவில், மேற்கு முனையில் அமைந்த லாபுவான் பாஜோ என்ற துறைமுக ஊரிலிருந்து படகேறி, அந்தப் படகிலேயே உண்டு உறங்கி, கொமோடோ தேசியப் பூங்காவின் தீவுகளை ஒவ்வொன்றாகச் சுற்றிவரும் பயணத்துக்குத் திட்டமிடுவது எப்படி என்று நண்பர்கள் பலர் கேட்டிருந்தார்கள். கேட்பவர்கள் அனைவரும் முதலில் அனுப்புவது தீவுகளின் பட்டியலைத்தான்: பாடார், கொமோடோ, ரிஞ்சா, இளஞ்சிவப்புக் கடற்கரை, கானாவா. அந்தப் பட்டியலைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்பதே என் பதில். எந்த மாதம், எந்தத் திதி, எந்தப் படகு என்ற மூன்றையும் சரியாக முடிவு செய்துவிட்டால் தீவுகள் தாமாக அமைந்துவிடும். அவற்றைக் கோட்டைவிட்டால் எத்தனை தீவுகளில் கால் வைத்தாலும் பயணம் அலைச்சலாகத்தான் முடியும்.

காரணம் அந்தக் கடலின் அமைப்பு. கொமோடோ தீவுக்கூட்டத்தின் வடக்கே ஃபுளோரெஸ் கடல். தெற்கே இந்தியப் பெருங்கடலை நோக்கித் திறந்த சும்பா நீரிணை. பசிபிக் பெருங்கடலிலிருந்து இந்தியப் பெருங்கடலுக்கு இந்தோனேசியத் தீவுகளின் ஊடே ஓயாமல் பாயும் நீரில் ஒரு பகுதி, இந்தத் தீவுகளுக்கிடையே உள்ள குறுகிய சந்துகளில் நெருக்கியடித்துக்கொண்டு ஓடுகிறது. கொமோடோவுக்கும் ரிஞ்சாவுக்கும் இடைப்பட்ட லிந்தா நீரிணையில், காற்றே இல்லாத காலையிலும் நீர் சுழித்துக் கொப்பளிப்பதைப் படகின் விளிம்பிலிருந்தே காணலாம். அங்கே பவளப்பாறைகள் செழித்திருப்பதும், மாண்டா திருக்கைகள் வாயைத் திறந்தபடி மிதவை உயிரிகளை வடிகட்டி உண்ண வருவதும் இந்த நீரோட்டத்தால்தான். நீந்துபவரை இழுத்துச் செல்வதும் அதே நீரோட்டம்தான்.

மாதத்தைப் பொறுத்தவரை, ஏப்ரல் முதல் நவம்பர் வரை வறண்ட காலம். டிசம்பரிலிருந்து மார்ச் வரை மழையும் வடமேற்குக் காற்றும் வலுத்திருக்கும். அப்போது துறைமுக அலுவலகம் சுற்றுலாப் படகுகளுக்குப் புறப்பாட்டு அனுமதியை நிறுத்திவைப்பது சாதாரணமாக நடப்பது. ஜூலையும் ஆகஸ்டும் வறண்ட மாதங்களே என்றாலும், தென்கிழக்குக் காற்றினால் பூங்காவின் தெற்குப் பகுதி கொந்தளிப்பாக இருப்பதோடு, ஐரோப்பிய விடுமுறைக் கூட்டமும் அப்போதுதான் வருகிறது. குழந்தைகளோடும் வயதானவர்களோடும் செல்பவர்களுக்கு மே, ஜூன், செப்டம்பர் ஆகிய மாதங்களையே நான் பரிந்துரைப்பேன். மலைகள் பச்சையாக இருக்க வேண்டுமென்றால் ஏப்ரல், மே. செப்டம்பரில் அவை காய்ந்து பொன்னிறமாகிவிடும்.

அடுத்தது திதி. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் ஓதம் பெருகி நீரோட்டம் வேகமெடுக்கும். அட்டமியை ஒட்டியும் அதற்கடுத்த ஓரிரு நாட்களிலும் அது தணியும். நம் வீடுகளில் அட்டமி, நவமியில் பயணம் கிளம்ப மாட்டார்கள். ஆனால் மூச்சுக்குழாய் பொருத்திய ஸ்நார்க்கெல் முகமூடியை முதன்முதலாக மாட்டிக்கொண்டு கடலில் இறங்கப்போகும் ஒருவருக்கு, கொமோடோவில் அந்த நாட்களே நல்ல நாட்கள். தேதியை முடிவு செய்யும்போது பக்கத்தில் ஒரு பஞ்சாங்கத்தை வைத்துக்கொள்ளுங்கள். விமானக் கட்டணத்தில் சில நூறு ரூபாய் மிச்சம் பிடிப்பதைவிட இது முக்கியம். மாண்டாக்கள் கூடும் காராங் மகாசார் பகுதியில் நீரோட்டத்தோடு மிதந்து செல்வதுதான் வழக்கம். சிறு படகொன்று உங்களைப் பின்தொடர்ந்து வந்து ஏற்றிக்கொள்ளுமா என்று முன்பதிவின்போதே கேளுங்கள். எல்லோரும் பெரிய படகுக்கே நீந்தித் திரும்ப வேண்டும் என்று பதில் வந்தால் வேறு படகைத் தேடுங்கள்.

படகைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். லாபுவான் பாஜோவில் விளம்பரப்படுத்தப்படும் மரக் கப்பல்களைப் பினிசி என்பார்கள். தெற்கு சுலவேசியில் புலுகும்பா மாவட்டத்தின் கடற்கரை ஊர்களில், தலைமுறை தலைமுறையாக இந்தத் தொழிலைச் செய்பவர்கள் இவற்றைக் கட்டுகிறார்கள். முதலில் பலகைகளை மர ஆணிகளால் ஒன்றோடொன்று இணைத்து வெளிக்கூட்டை எழுப்பிவிட்டு, அதன் பிறகே உள்ளே விலாச் சட்டங்களைப் பொருத்தும் மரபு அவர்களுடையது. 2017-இல் யுனெஸ்கோ இக்கலையை மனிதகுலத்தின் பண்பாட்டு மரபுச் சொத்துகளின் பட்டியலில் சேர்த்தது. அந்தக் கைத்திறனைக் கண்ணெதிரே கண்டு, அந்தக் கப்பலின் தளத்தில் படுத்து உறங்குவது பெரும் பேறு என்றே நான் கருதுகிறேன். ஆனால் சுற்றுலாவுக்கென ஓடும் படகுகள் அனைத்தும் ஒரே தரத்தவை அல்ல. பாய் பெரும்பாலும் படமெடுப்பதற்காகவே விரிக்கப்படுகிறது, ஓடுவது எஞ்சினில். கூடுதல் அறைகளுக்காக மேலே அடுக்கடுக்காகத் தளம் எழுப்பப்பட்ட படகுகளில் மேல்பாரம் கூடி, அலையில் அசைவும் கூடுகிறது.

ஆகவே, முடிந்தால் ஒருநாள் முன்னதாகவே ஊருக்குச் சென்று, மாலையில் துறைமுகத்துக்கு நடந்து, நீங்கள் ஏறப்போகும் படகை நேரில் பாருங்கள். நாங்கள் அப்படிப் பார்க்கச் சென்றபோது, கேப்டன் லைஃப் ஜாக்கெட்டுகள் இருந்த பெட்டியைத் தாமே திறந்து ஒன்றை எடுத்து, வாரைச் சுண்டி இழுத்துக் காட்டினார். குழந்தைகளுக்கான சிறிய அளவுகள் தனியாக ஆரஞ்சுப் பையில் கட்டப்பட்டிருந்தன. எஞ்சின் அறைக்கு அருகில் இருந்த தீயணைப்பான்களில் நிரப்பிய தேதி தெளிவாக எழுதியிருந்தது. தளத்துக்குக் கீழே அறை என்றால், படிக்கட்டைத் தவிர வெளியேற இன்னொரு வழி உண்டா என்று கேளுங்கள். கைபேசிகளும் கேமரா பேட்டரிகளும் இரவு முழுவதும் எங்கே மின்னேற்றப்படுகின்றன என்றும் கேளுங்கள். கேட்பதற்குக் கூச்சப்பட ஒன்றுமில்லை. நல்ல கேப்டன்கள் இத்தகைய கேள்விகளை மதிக்கிறார்கள்.

லோம்போக் தீவிலிருந்து நான்கு நாட்களில் கொமோடோ வந்துசேரும் மலிவான படகுகளும் உண்டு. வழியில் சதோண்டா போன்ற அழகிய தீவுகள் வருவது உண்மைதான். ஆனால் சும்பாவா தீவின் வடக்குக் கரையை ஒட்டி இரவு முழுவதும் திறந்த கடலில் செல்லும் பயணம் அது. 2014 ஆகஸ்டில் இவ்வழியில் வந்த சுற்றுலாப் படகு ஒன்று சாங்கேயாங் எரிமலைத் தீவுக்கு அருகே மூழ்கியது. குடும்பத்தோடு செல்பவர்களுக்கு நான் அவ்வழியைச் சொல்லவே மாட்டேன். அதிவிரைவுப் படகில் ஒரே நாளில் ஆறு இடங்களைக் காட்டித் திரும்பும் பயணமும் எனக்கு உடன்பாடில்லை. இறங்குவதும் ஏறுவதுமாகவே பொழுது போய்விடும்.

மூன்று பகல், இரண்டு இரவு என்பது நிறைவான அளவு. முதல் நாள் துறைமுகத்துக்கு அருகிலுள்ள கெலோர், மெஞ்சரித்தே போன்ற அமைதியான இடங்களில் கடலில் இறங்கிப் பழகிக்கொண்டு, மாலையில் காலோங் தீவருகே நங்கூரமிடுவது நல்லது. அங்கே சதுப்பு மரங்களில் பகலெல்லாம் தொங்கிக்கிடக்கும் பழந்தின்னி வௌவால்கள், பொழுது சாய்ந்ததும் கூட்டம் கூட்டமாகக் கிளம்பி ஃபுளோரெஸ் நோக்கிப் பறக்கும்; கடைசிக் கூட்டம் கடந்து முடிய நெடுநேரமாகும். மறுநாள் பாடார். சூரிய உதயத்துக்கு எல்லாப் படகுகளும் அங்கே குவிவதால் படிகளில் வரிசை கட்டி ஏற வேண்டியிருக்கும். உங்களுக்கென்று தனியாக எடுத்த படகானால், பிற்பகல் நான்கு மணிக்கு மேல் ஏறுவதற்குக் கேப்டனிடம் பேசிப் பாருங்கள். மூன்று விரிகுடாக்களையும் ஒருசேரக் காட்டும் அந்த உச்சியில் அப்போது கூட்டம் குறைவு. இளஞ்சிவப்புக் கடற்கரையில் ஈர மணலைக் கையில் அள்ளிப் பாருங்கள்: வெள்ளைத் துகள்களுக்கு இடையே குங்குமம் சிந்தியதுபோல் சிவப்புத் துணுக்குகள் கலந்திருக்கும். பவளப்பாறைகளில் ஒட்டி வாழும் ஃபோராமினிஃபெரா என்ற நுண்ணுயிர்களின் ஓடுகள் அவை. பார்த்துவிட்டு அங்கேயே விட்டுவிடுங்கள்.

கொமோடோ டிராகனைக் காண கொமோடோ, ரிஞ்சா இரண்டில் ஒன்று போதும். பூங்கா 1980-இல் தொடங்கப்பட்டதே இந்த மாபெரும் உடும்பினத்தைக் காப்பதற்காகத்தான். மூன்று மீட்டர் வரை வளரும் இது, 2021 முதல் அருகிவரும் இனமாகப் பட்டியலிடப்பட்டுள்ளது. கவைக்கோல் ஏந்திய வனக்காவலர் இன்றி ஓர் அடியும் வைக்கக் கூடாது. மாதவிடாய் நாட்களில் உள்ள பெண்கள், ரத்த வாடையை விலங்கு முகர்ந்துவிடும் என்பதால், முன்கூட்டியே காவலரிடம் சொல்லிவிடுவது அங்குள்ள நடைமுறை. ஜூலை, ஆகஸ்ட் இணைசேரும் காலம் என்பதால் அவை எளிதில் கண்ணில் படா. கொமோடோ தீவின் கிராமத்து மக்கள் மரத்தில் செதுக்கி விற்கும் டிராகன் பொம்மைகளை, பேரம் பேசாமல் வாங்குங்கள். தீவையே மூடி அவர்களை இடம்பெயர்க்கும் யோசனை 2019-இல் எழுந்து, பின்னர் கைவிடப்பட்டது.

சைவ உணவுக்காரர்களுக்கு அங்கே கவலையில்லை: டெம்பே என்ற புளித்த சோயாக் கட்டி, டோஃபு, வேர்க்கடலைச் சாறு ஊற்றிய காய்கறி எல்லாம் படகுச் சமையலறையில் எளிதாகக் கிடைப்பவை. ஆனால் சம்பல் என்ற மிளகாய்த் துவையலில் இறால் விழுது சேர்ப்பார்கள். அதை விலக்கும்படி, புறப்படுவதற்கு முன்பே, காய்கறி வாங்கப்போகும் சமையல்காரரிடம் நேரில் சொல்லுங்கள். பூங்காக் கட்டணம் படகுக் கட்டணத்தில் அடங்கியதா என்பதையும் எழுத்தில் பெறுங்கள். 2022-இல் நுழைவுக் கட்டணத்தை 37.5 லட்சம் ருபியாவாக உயர்த்தப்போவதாக அறிவித்து, ஊரே வேலைநிறுத்தத்தில் இறங்கிய பிறகு அந்த உயர்வு கைவிடப்பட்டது. கட்டணம் இப்படி மாறக்கூடியது என்பதால் கையில் கூடுதலாக ருபியா நோட்டுகள் இருக்கட்டும்.

சென்னையிலிருந்து சிங்கப்பூர் அல்லது கோலாலம்பூர் வழியாகப் பாலி சென்று, அங்கிருந்து ஏறத்தாழ ஒரு மணி நேர விமானத்தில் லாபுவான் பாஜோவை அடையலாம். படகு துறைமுகம் திரும்பும் அதே மாலையில் பாலிக்கு விமானம் பதிவு செய்யாதீர்கள். காற்று மாறினால் கேப்டன் ஏதேனும் ஒரு விரிகுடாவில் ஒதுங்கி நிற்க வேண்டிவரும். விமானத்தைப் பிடிக்க வேண்டுமென்று பயணிகள் அவரை நெருக்கும் நிலை வரவே கூடாது. ஆழ்கடல் முக்குளிப்பவர்கள் விமானம் ஏறுவதற்கு முன் 18 மணி நேரமாவது இடைவெளி விட வேண்டும் என்பதால், அந்த ஓர் இரவு அவர்களுக்கு எப்படியும் தேவை. துறைமுகத்தை ஒட்டிய விடுதிகளில் மலிவான அறைகள் நிறைய உண்டு. திரும்பும் நாளுக்கான அறையையும் படகுக்கு முன்பணம் கட்டும் அன்றே பதிவு செய்துவிடுங்கள்.